கோழிப் படத்துக்கு ஒரு கையெழுத்து

எனக்கு எழுபத்தாறு வயது. எட்டுப் பிள்ளைகளை வளர்த்தெடுத்தவள். பெற்றது ஆறு, தமையன்ர பிள்ளைகள் இரண்டு. எட்டும் நல்லாய் எழுதப் படிக்கத் தெரிந்ததுகள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். வாசிப்பது எழுத்துக் கூட்டித்தான். எழுதும்போதும் ஒவ்வொரு எழுத்திலும் குந்தி எழும்பித்தான் போவேன். அதனால் இதை வாசிக்கிற ஆக்களும் அவசரப்படக் கூடாது.

எங்கள் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்காரருக்குள்ளே, பெண்களுக்குக் கோழி கொடுத்து வளர்க்கப் பழக்குகிற தொண்டு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அலுவலகம் பஸ் ஏறிப் போகிற ரவுனில். நான் அதில் தொண்டர். எனக்கு நிறுவனத்தின் பெயர் போட்ட ஒரு தொப்பி தந்திருக்கிறார்கள். இந்தக் கிராமத்தில் கோழிக்குச் சளி பிடித்தால் முதலில் என்னிடம்தான் வருவார்கள், பிறகுதான் மிருக வைத்தியரிடம். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதலாம்தான், ஆனால் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பேத்தி எனக்கு முகநூலில் ஒரு பக்கம் திறந்து தந்தாள். அதில் கைநோக எழுதத் தேவையில்லை. போனுக்குச் சொன்னால் போன் எழுதும். என்ர எட்டுப் பிள்ளைகளிலும் பார்க்க அது சொல்வழி கேட்கும். முதல் முதல் நான் போட்டது எங்கள் சேவலின் படமும் கதையும். அது கிராம அலுவலர் விதானையாரின் மோட்டார் சைக்கிள் சீற்றில் ஏறி இருந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது, அவர் கையில் பைலோடு முற்றத்தில் நின்றார். அந்தப் படத்துக்கு எங்கெங்கோ குளிர் தேசத்தில் இருக்கிற எங்கட ஆக்களெல்லாம் சிரித்து எழுதினார்கள். அன்றைக்கு நான் இரண்டு தரம் தலை சீவினேன். சந்தைக்குப் போனால் முன்பின் தெரியாத பெட்டைப் பிள்ளைகள் வந்து, சேவல் சுகமோ என்று கேட்டார்கள்.

இப்படி எல்லாத் தொண்டர்களும் ஆளுக்கொரு போனோடு திரிந்தால் நிறுவனம் என்ன செய்யும்? ஒருத்தர், நிறுவனம் கொடுத்த சப்பாத்தை வாங்குகிற பள்ளிக்கூடப் பிள்ளையை மூக்குச் சளியோடு படம் போட்டார். தாய் அலுவலகத்துக்கு வந்து, படத்தை எடுக்கும் வரைக்கும் கதிரையில் இருந்து எழும்பவில்லை. இன்னொருத்தர் தேர்தல் கதையை நிறுவனத்துத் தொப்பியோடு நின்று சொன்னார். நானும் சும்மா இருக்கவில்லை. கோழிக்கு உள்ளிப்பூடு கொடுக்கலாமோ கூடாதோ என்று முகம் தெரியாத ஒரு மனுசனோடு மூன்று நாள் சண்டை பிடித்தேன். மூன்றாம் நாள் அவனுடைய தாய் அவனுக்கு என்னத்தைத் தின்னக் குடுத்து வளர்த்தவ என்று கேட்டுவிட்டேன். என்ர பக்கத்தின் உச்சிப் படத்தில் நானும் தொப்பியோடுதான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே எங்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். மிஸ் என்றுதான் நாங்கள் அந்த அலுவலகப் பிள்ளையைச் சொல்லுவோம். என்ர மூத்த பேத்தியிலும் இரண்டு வயது மூத்ததாய் இருக்கும். இரண்டு பக்கத்தில் அடித்த பேப்பரை வைத்து ஒவ்வொரு விதியாய் வாசித்து விளக்கினார். உன் கருத்து உன் கருத்து, நிறுவனம் சொன்னது போலச் சொல்லாதே. ஒருத்தரின் வீடு வாசல், போன் நம்பர் போடாதே. உதவி வாங்கினவரைப் பாவம் பரிதாபம் என்று எழுதாதே. கோபத்தில் பதில் எழுதாதே, முதலில் ஒரு மிடறு தண்ணி குடி. அதை வாசிக்கும்போது மிஸ் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்த விதத்திலேயே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. நான் தேத்தண்ணியோடு தந்த றோல்ஸைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

கடைசியில் ஒரு படிவம் தந்தார். யாரின் படத்தையும் போட முதல் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் ஓம் என்று ஒரு பெட்டி, இல்லை என்று ஒரு பெட்டி. மிஸ் சொன்னார், "கேக்கிறதெண்டால், இல்லை எண்டு சொல்ல இடம் விட்டுக் கேளுங்கோ." எனக்கு அது அவ்வளவாய் ஏறவில்லை. எங்கட சனம் எப்போது இல்லை என்று சொன்னது?

சண்டை முடிந்து முகாமால் திரும்பி வந்த நாள் தொட்டு, பேப்பர் ஒன்றைக் கண்டால் நாங்கள் கையெழுத்து வைத்துவிடுவோம். தறப்பாளுக்கு வைத்தோம், தகரத்துக்கு வைத்தோம், கிணறு இறைக்க வைத்தோம், மலசலகூடத்துக்கு இரண்டு தரம் வைத்தோம். என்னத்துக்கு என்று கேட்டுக்கொண்டு நின்றால் பேப்பர் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். முதலில் வைக்கிறது, பிறகு மற்ற ஆக்களிடம் விசாரிக்கிறது. இதுதான் எங்கட முறை. பிழை என்று அதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

மிஸ் என்னிடம் ஒரு பொறுப்புத் தந்தார். எங்கள் கிராமத்தில் திறமாய்க் கோழி வளர்க்கிற ஒருத்தியின் படம் வேண்டும், என்ர பக்கத்திலும் நிறுவனத்தின் பக்கத்திலும் போடலாம் என்று. அது யார் என்று நான் யோசிக்கவே தேவையில்லை. கிளுவை வேலிக்கு அங்காலே இருக்கிறவள்தான்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிலும் பத்து வயது இளையவள். தனியாய் இருக்கிறாள். நிறுவனம் தந்த பத்துக் கோழியைக் கூடு நிறையப் பெருக்கி வைத்திருக்கிறாள். ஒரே மகன், கொழும்பில் வேலை. போன மாரியில் கோழிக்கூட்டடியில் சறுக்கி விழுந்து கால் பிரண்டு, முட்டை வாங்க வந்தவன் கண்டு தூக்கும் வரைக்கும் அப்படியே கிடந்தாள். மகன் ஓடி வந்து, கோழி எல்லாவற்றையும் வித்துப்போடுங்கள், இல்லாவிட்டால் உங்களைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் வித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஒரு குஞ்சைக்கூட விற்கவில்லை. அவன் வருகிற நாளில் வேலியில் இருக்கிற பொட்டால் நுழைந்து கோழி எல்லாம் என்ர வளவுக்கு வரும். மருமகளுக்குக் கோழி மணம் ஒத்துவராது என்றாள், நானும் நம்பினேன். வாக்குக் கொடுத்த கதை எனக்குப் பிறகுதான் தெரியும். உங்களுக்கு இப்பவே சொல்கிறேன், அந்தப் படத்தால் அவளுக்கு என்ன பறிபோகக் கிடந்தது என்று தெரிந்துகொண்டு வாசியுங்கள்.

அவள் ஏற்கெனவே கொழும்பில் பன்னிரண்டு நாள் இருந்து பார்த்தவள். ஐந்தாம் மாடி. அவ்வளவு நாளும் கால் மண்ணில் படவில்லையாம். விடிய எழும்பி விளக்குமாறும் கையுமாய் நின்று, கூட்ட முற்றம் இல்லாமல் நாலு வீட்டுக்காரரின் வாசலையும் கூட்டிவிட்டாளாம். அவர்கள் வேலைக்கு ஆள் வந்திருக்குது என்று நினைத்து அவளிடம் குப்பைப் பையையும் தந்தார்களாம்.

நான் படிவத்தோடு போனபோது அவள் முழங்கை வரைக்கும் கையைக் கூட்டுக்குள் விட்டு அடைகோழி ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தாள். படம் ஒன்று எடுக்க வேண்டும், கையெழுத்து வை என்றேன். "எங்க அக்கா போடோணும்?" என்று மட்டும் கேட்டாள். சட்டையில் கையைத் துடைத்துவிட்டுப் போட்டாள். அடையாள அட்டை நம்பரையும் கேட்காமலே எழுதினாள். கோழிக்கு ஊசி போடுகிற பதிவு என்று நினைத்தாளாம். பிறகு கமக்கட்டுக்கு ஒன்றாய் இரண்டு பேட்டுக் கோழியை இடுக்கக் கொடுத்து நிற்பாட்டிப் படம் எடுத்தேன். தலையில் வைக்கோல். அப்படி ஒரு சிரிப்பு.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கையால் போன ஒருத்தன் சைக்கிளில் இருந்தபடி ஒரு காலை ஊன்றி, என்ன பதிவு என்று கேட்டான். படத்துக்கு என்றேன்.

"கோழியோ ஆடோ?"

"படம் தம்பி."

"சரி, எனக்கு ஆடு எண்டு போடுங்கோ."

அவன் கையெழுத்து வைத்துவிட்டுப் போய் ஐந்து நிமிசம் ஆகவில்லை, சனம் வரத் தொடங்கிவிட்டது. அடையாள அட்டை, குடும்ப அட்டை, அதுகளின் போட்டோப் பிரதி. சொல்லாமலே வரிசையாய் நின்றார்கள். வரிசையில் நிற்க எங்களுக்கு ஒருத்தரும் பழக்கத் தேவையில்லை. ஒரு கிழவர் கையெழுத்தும் வைத்து, பக்கத்தில் பெருவிரலும் வைத்தார். பிறகு கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்புவார்களாம். ஒருத்தி வவுனியாவில் இருக்கிற தங்கச்சிக்கும் சேர்த்து வைத்தாள். ஓம் பெட்டி, இல்லைப் பெட்டி இரண்டிலும் சரி போட்டவர்களும் உண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று. படிவம் முடிந்துபோக நான் வீட்டுக்குள் ஓடிப் பேத்தியின் கொப்பியைக் கொண்டுவந்து தாள் கிழித்துக் கொடுத்தேன். படத்துக்கு, படத்துக்கு என்று நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அவர்களும் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டுதான் வைத்தார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. வகுப்புக்கு வந்த தொண்டர்களில் யார் இவ்வளவு கையெழுத்து வாங்கியிருப்பார்கள் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

பின்னேரம் பேத்தி படத்தை என்ர பக்கத்தில் போட்டு, நிறுவனத்தின் பக்கத்துக்கும் அனுப்பிவிட்டாள். வரிகள் நான் போனுக்குச் சொன்னது. இவளுக்குக் கோழியைத் தந்தால் கோழிக்கே கொண்டாட்டம் என்று சொன்னதாக நினைவு. அடுத்த நாள் காலையில் பார்த்தால், சேவல் படத்துக்கு வந்ததிலும் கூடச் சனம். நான் போனைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு ஓடினேன். பார், உன்னை உலகமே பார்க்குது என்றேன். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கோழித் தீன் வாளியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் இருந்துவிட்டாள். அப்போதுதான் வாக்குக் கொடுத்த கதை முழுதும் வெளியில் வந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "நீ கையெழுத்து வச்சனியெல்லே?"

"நான் எதுக்குத்தான் கையெழுத்து வைக்கேல்ல அக்கா," என்றாள்.

அவளிடம் இருந்தது பட்டன் போன். நாங்கள் கதைத்துக்கொண்டு நிற்கும்போதே அது அடித்தது. மகன். கூடப் படித்தவன் ஒருத்தன் படத்தை அனுப்பியிருக்கிறான். சனிக்கிழமை வான் பிடித்து வருகிறானாம், உடுப்புகளை அடுக்கி வைக்கட்டாம்.

படத்தை எடுத்துவிடுவோம் என்று போனைத் தட்டினேன். பேத்தி பள்ளிக்கூடத்தில். ஒரு இடத்தில் தட்ட, படம் போகவில்லை, பெருத்தது. என்னுடைய தொப்பிப் படம் இருந்த உச்சியில் போய் அவளும் இரண்டு பேடும் நின்றார்கள். இன்னொரு இடத்தில் தட்ட, அது யாருக்கோ பறந்து போனது. உள்ளிக்காரனுக்குத்தான் போயிருக்கிறது, பிறகு அவன் பூ ஒன்று அனுப்பியிருந்தான். அதுக்கு மேல் தட்டப் பயந்து, போனைச் சீலைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் கொண்டக்டர் என்னைக் கண்டு, படம் நல்லாயிருக்குது அம்மா என்றான். எந்தப் படம் என்றேன். வாழ்க்கையில் நான் புகழை மறுத்தது அந்த ஒருமுறைதான்.

மிஸ் முதலில் இரண்டு பக்கத்திலிருந்தும் படத்தை எடுத்துவிட்டார். பிழை விட்டால் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்பதும் ஒரு விதிதான், அதை நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள் என்றார். பிறகு நான் மடியிலிருந்து கையெழுத்துக் கட்டை எடுத்து மேசையில் வைத்தேன். மிஸ் ஒவ்வொன்றாய்ப் புரட்டினார். பெருவிரல் வந்தது. வவுனியாத் தங்கச்சி வந்தா. ஆடு வந்தது. மிஸ் நெற்றியை மேசையில் வைத்துவிட்டார். அழுகிறாரோ என்று எழும்பிப் பார்த்தேன், தோள் குலுங்கினது சிரிப்பில்.

நான் கேட்டனான் பிள்ளை, பேனையும் குடுத்தனான் என்று நியாயம் சொன்னேன்.

"இவ்வளவு பேரில ஒராள்கூட மாட்டன் எண்டு சொல்லேல்லை எண்டால், ஒருத்தருக்கும் விளங்கேல்ல எண்டுதானே அம்மா?"

அடுத்த இரண்டு நாளும் நானும் மிஸ்ஸும் வீடு வீடாய்ப் போய்த் திரும்பக் கேட்டோம். கோழி இல்லை, ஆடு இல்லை. இது உங்களுடைய முகத்தைக் கேட்கிற பேப்பர். மாட்டேன் என்றால் ஒன்றும் குறையாது, ஒருத்தரும் கோபிக்க மாட்டார்கள். முதல் இரண்டு வீட்டில் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். மூன்றாம் வீட்டில் ஒருத்தி, சொல்லிப் பார்ப்போம் என்று மெதுவாய், மாட்டன் என்றாள். மிஸ், சரி அக்கா, நன்றி என்று படிவத்தைக் கிழித்தார். அவ்வளவுதான். அவள் முகம் மலர்ந்துபோய்த் தேத்தண்ணி ஊற்ற ஓடினாள். அதற்குப் பிறகு ஒழுங்கை முழுக்க அந்தக் கதைதான். நாங்கள் படலையைத் திறக்க முதலே குசினிக்குள் இருந்து மாட்டன் என்று குரல் வரும். பெருவிரல் கிழவர் எங்களைக் கதிரையில் இருத்தி, முழுதையும் சொல்ல வைத்து, ஆறுதலாய்க் கேட்டு, வெற்றிலையும் போட்டு முடித்துவிட்டுத்தான் மாட்டன் என்றார். ஆட்டுக்காரன் எங்களோடு வாசல் வரைக்கும் வந்து, இன்னும் வேற எதுக்கெல்லாம் மாட்டன் எண்டு சொல்லலாம் என்று கேட்டான். மிஸ் யோசித்துவிட்டு, இப்போதைக்கு இது மட்டும் என்றார்.

வேலிக்கு அங்காலே இருக்கிறவளிடம் கடைசியாய்ப் போனோம். அவளும் மாட்டன் என்றாள். ஆனால் அவளுக்கு அதில் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் சனிக்கிழமை.

வான் பத்து மணிக்கு வந்தது. இந்த முறை கோழி எதையும் அவள் வேலியால் தள்ளவில்லை. எல்லாம் முற்றத்தில் நின்றதுகள். மகன் இறங்கிக் கோழிகளுக்கு நடுவே கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து வந்தான். நல்ல பிள்ளை அவன், கத்தவில்லை. வெளிக்கிடுங்கோ அம்மா, வெயிலுக்கு முதல் போவம் என்றான். அவள் வாசலில் நின்றாள். பின்னால் உடுப்புப் பை கட்டித்தான் கிடந்தது. காலையில் அவளே அடுக்கினது. பழக்கம்தானே, வா என்றால் வெளிக்கிடுகிறது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தம்பி, அப்பிடிக் கேக்கக் கூடாது, இல்லை எண்டு சொல்ல இடம் விட்டுக் கேக்கோணும் என்றேன். பெரியம்மா, இது உங்கட நிறுவனமில்லை என்றான். ஒழுங்கையில் வான் பார்க்க வந்த சனம் வேலியோரம் நின்றது. அவன் அவர்களையும் பார்த்தான், தாயையும் பார்த்தான்.

"சரி. அம்மா, வாறியளோ?"

"இல்லை," என்றாள். பிறகு தன் வாயால் வந்ததைத் தானே கேட்டவள் போல, இன்னொருமுறை சொன்னாள். "இல்லை தம்பி. நான் வரேல்ல."

வேலியோரத்தில் யாரோ கை தட்டினார்கள். நான் திரும்பி முறைத்தேன். ஆட்டுக்காரன்தான்.

மகன் தாயின் பக்கத்தில் போய்க் கவிழ்த்த வாளியில் இருந்தான். "மத்தியானம் வரைக்கும் விழுந்து கிடந்தனியள். எனக்குப் பின்னேரம்தான் தெரியும். அதுக்கு நான் என்ன செய்யிறது?" என்று கேட்டான். எனக்குத்தான் உள்ளே குத்தினது. அன்றைக்கு நான் வேலிக்கு இங்காலே, பத்துப் பதினைந்து அடியில், போனைப் பிடித்துக்கொண்டு உள்ளிக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிட்டிருப்பாள். நான் போனுக்குச் சத்தம் போட்டதில் கேட்கவில்லை. அதை அந்த இடத்திலேயே, எல்லாருக்கும் முன்னால், மகனுக்குச் சொன்னேன். எழுபத்தாறு வயதில் பிழை ஒத்துக்கொள்வது முழங்காலை மடக்குகிறது போல, மெதுவாய்த்தான் வரும்.

பிறகு மூன்று பேரும் குசினிக்குள் இருந்து ஒரு ஒழுங்கு செய்தோம். விடிய அவள் கூடு திறந்ததும் நான் வேலிக்குப் போய் அவளைக் கண்ணால் காண வேண்டும். கண்டுவிட்டு அவனுக்கு மட்டும் போனில் அனுப்ப வேண்டும். பக்கத்தில் போடுகிறதில்லை. என்னத்தை அனுப்புறது என்று அவளிடமே கேட்டேன், இடம் விட்டுத்தான் கேட்டேன். முகம் வேண்டாம் என்றாள், குரலும் வேண்டாம் என்றாள். இப்போது அவள் மாட்டேன் சொல்ல ருசி கண்டுவிட்டாள். கடைசியில் கோழிச் சத்தம் அனுப்பலாம் என்றாள். தாய் கூடு திறந்தால்தான் அந்தச் சத்தம் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

மகன் வானில் வெறும் கையோடு போகவில்லை. உடுப்புப் பை வைக்க இருந்த சீற்றில் இரண்டு தட்டு முட்டையும் ஒரு அடைகோழியும் போயிற்று. ஐந்தாம் மாடியில் அது என்ன செய்யுதோ தெரியாது, கேட்கவும் பயமாய் இருக்குது.

ஒரு நாள் எனக்குப் போன் சார்ஜ் இல்லை. ஏழு மணிக்குள் சத்தம் போகவில்லை. ஏழரைக்கு, மகன் போன் போட்டுச் சொல்லி, விதானையார், மிஸ், முட்டைக்காரன் மூன்று பேரும் அவள் படலையில் நின்றார்கள். அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஆர் செத்தது என்று கேட்டாளாம்.

என்ர பக்கம் இப்பவும் இருக்குது. ஆக்களின் படம் குறைவு, கோழிப் படம் கூட. உள்ளிக்காரனோடும் சமாதானம். தண்ணியைக் குடித்துவிட்டு அவனுக்கு எழுதினேன், அவன்ர தாய் கோழிக்கு உள்ளி கொடுக்கிறவவாம், அதுதான் அவனுக்கு அவ்வளவு கோபம்.

இதை மற்றக் கிராமத்துத் தொண்டர்கள் வாசிக்க வேண்டும் என்று மிஸ் எழுதித் தரச் சொன்னார். பெயர் ஒன்றும் போடவில்லை. ஆனாலும் இந்த ஒழுங்கையில் இருக்கிறவர்களுக்கு யார் யாரென்று தெரியும், வேலிக்கு அங்காலே இருக்கிறவளின் மகனுக்கும் தெரியும். அதனால் மிஸ்ஸிடம் கொடுக்க முதல் அவளுக்கு வாசித்துக் காட்டக் கூப்பிட்டிருக்கிறேன், வாசிக்கப் போகிறது பேத்தி. வந்து குசினி வாசலில் இருக்கிறாள், கோழித் தீன் கையோடு. மகனுக்கும் கேட்கட்டும் என்று போனையும் திறந்து வைத்தாயிற்று. இன்னும் அவள் ஓம் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. முழுதும் கேட்டுவிட்டுத்தான் சொல்லுவாளாம்.

பிள்ளை, இந்தா கொப்பி. முதல் பக்கத்தில இருந்து வாசி. என்ர எழுத்து விளங்காத இடத்தில நீயா ஒண்டும் போடாதை, என்னைக் கேள். கெதியா வாசிக்காதை, அவளுக்குக் கேக்கோணும்.